கறை படிந்த கூலன்ட் குழாய்: கழுவுவதா, வெட்டி எறிவதா?

கேள்வி, 11 பிப்ரவரி 2024

அண்ணாச்சி, வண்ணார்பேட்டையில் ஃபிளெக்ஸ் பேனர் வடிவமைக்கும் கடை வைத்திருக்கிறேன். என் கணினிக்கு ஒன்றரை ஆண்டுக்கு முன் நீரை ஓடவிட்டுச் சூட்டைத் தணிக்கும் வாட்டர் கூலிங் மாட்டினேன். 10 மி.மீ. உள்விட்டமும் 16 மி.மீ. வெளிவிட்டமும் கொண்ட மென்மையான பி.வி.சி. குழாய்; உள்ளே சிவப்புச் சாயம் கலந்த கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்). டிசம்பர் வெள்ளத்தில் கடையின் கீழ்த்தளம் மூழ்கியது. கணினி மாடியில் இருந்ததால் தப்பியது, ஆனால் மூன்று வாரம் அதை ஓட்டவே இல்லை. இப்போது குழாய் முழுவதும் மங்கிய ரோஜா நிறத்தில் இருக்கிறது. ஜன்னலோரம் வளையும் இடத்தில் பச்சை படிந்திருக்கிறது. பிளீச்சிங் பவுடரைக் கரைத்துப் பம்பில் அரை மணி நேரம் ஓடவிட்டால் எல்லாம் போய்விடும் என்கிறார் நண்பர். செய்யலாமா?

11 பிப்ரவரி 2024, இரவு

ஓடவிட வேண்டாம். பிளீச்சிங் பவுடரில் சுண்ணாம்பு இருக்கிறது. எவ்வளவு கலக்கினாலும் அடியில் வெள்ளை மண்டி தங்கும். சி.பி.யூ.வின் மேல் உட்கார்ந்து அதன் சூட்டை நீருக்குக் கடத்தும் பிளாக்கின் உள்ளே செப்பை மெல்லிய தகடுகளாக வகிர்ந்திருப்பார்கள். தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் இடைவெளிகூட இராது. அந்த மண்டி அங்கே போய் அடைத்துக்கொண்டால் கறையைவிடப் பெரிய தலைவலி. குளோரின் செப்பையும் அரிக்கும், நிக்கல் பூச்சையும் அரிக்கும். குழாயை மட்டும் தனியே கழற்றி வாளியில் ஊறவைப்பது வேறு விஷயம்; நான் அப்படிச் செய்து பலன் கண்டிருக்கிறேன். நாளை விரிவாக எழுதுகிறேன்.

12 பிப்ரவரி 2024

பாளையங்கோட்டையில் கல்யாண வீடியோ தொகுக்கும் தொழில் செய்கிறேன். முகூர்த்த மாதங்களில் என் கணினி இரவு முழுவதும் ரெண்டர் (தொகுத்த வீடியோவை இறுதி வடிவமாக்கும் வேலை) செய்துகொண்டிருக்கும் என்பதால் ஆறு ஆண்டுகளாக வாட்டர் கூலிங்தான். இந்தக் காலத்தில் நான்கு விதமான கறைகளைப் பார்த்துவிட்டேன். நான்கையும் ஒன்றென்று நினைத்து ஒரே மருந்தைப் போட்டதில்தான் முதல் இரண்டு ஆண்டுகள் வீணாயின.

உங்கள் ரோஜா நிறம் சாயக்கறை. பி.வி.சி. இயல்பில் விறைப்பான பிளாஸ்டிக். அது வளைந்துகொடுப்பதற்காகப் பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய் போன்ற பொருளைக் கலக்கிறார்கள். மென்மையான குழாயின் எடையில் நூற்றுக்கு முப்பது, நாற்பது பங்குகூட அதுவாக இருக்கலாம். சாயம் அந்த எண்ணெய்க்குள் மெல்ல ஊறிப்போகிறது. சந்தேகம் இருந்தால் குழாயின் நுனியில் ஒரு நாணயத்தின் கனத்துக்குப் பிளேடால் ஒரு வளையம் சீவி, வெள்ளைத் தாளின்மேல் வைத்துப் பாருங்கள். நான் சீவியபோது உள்விளிம்பு அடர்ந்த ரோஜாவாகவும், நடுப்பகுதி வெளிறிய ரோஜாவாகவும், வெளிவிளிம்பு மட்டும் கண்ணாடியாகவும் இருந்தன. கறை குழாயின் மேல் படியவில்லை, சுவரின் பாதி வரை உள்ளே இறங்கியிருந்தது. அதைத் தேய்த்து எடுக்க எந்தப் பிரஷ்ஷாலும் முடியாது.

பச்சை வேறு சங்கதி. மூன்று வாரம் நீர் ஓடாமல் நின்றதும், ஜன்னல் வெளிச்சம் பட்டதும் சேர்ந்து பாசியை வளர்த்திருக்கும் என்றே நினைக்கிறேன். விரலில் வழுவழுப்பாக வந்தால் பாசி, அதைக் கழுவிவிடலாம்.

மூன்றாவது, வெண்மையான மங்கல். இதிலும் இரண்டு வகை உண்டு என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. தனியே எழுத வேண்டும். நான்காவது, செப்பு அரித்து வரும் நீலப்பச்சை.

14 பிப்ரவரி 2024

முதல் குறிப்பில் வாளியில் ஊறவைக்கலாம் என்று எழுதியதோடு ஒரு எச்சரிக்கையையும் சேர்த்திருக்க வேண்டும், விட்டுவிட்டேன். பிளீச்சில் ஊறவைத்த அதே வாளியில், அதே குழாயில், நன்றாக அலசாமல் வினிகரை ஊற்றினால் குளோரின் வாயு எழும். கதவைச் சாத்திய குளியலறையில் அதை ஒருமுறை செய்துவிட்டு, இருமிக்கொண்டே மொட்டை மாடிக்கு ஓடியவன் நான். ஒருநாள் ஒன்று, மறுநாள் மற்றொன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவே குறைந்தது ஐந்து முறை நீர் மாற்றி அலசுங்கள். பவுடர் வேண்டாம், கடையில் பாட்டிலில் கிடைக்கும் திரவ பிளீச்சை ஒன்றுக்குப் பத்து என்ற அளவில் நீர் சேர்த்து இருபது நிமிடம் வைத்தால் பாசிக்குப் போதும். கறுப்பு அசெட்டால் பிளாஸ்டிக்காலான ஃபிட்டிங்குகளையும் (குழாயை இணைக்கும் முனைகள்) ஓ-ரிங்குகளையும் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள்) அந்த வாளியில் போடக் கூடாது.

18 பிப்ரவரி 2024

குழாயின் உட்புறத்தை எப்படித் தேய்ப்பது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். பால்புட்டி பிரஷ் 10 மி.மீ. துளைக்குள் நுழையாது. கம்பி வைத்த பிரஷ் நுழையும், ஆனால் உள்சுவரைக் கீறிவிடும். அடுத்த பாசி அந்தக் கீறலைப் பிடித்துக்கொண்டுதான் வளரும். நான் செய்வது, பாவாடைக்கு நாடா கோர்க்கும் அதே வேலை. நைலான் நூலின் ஒரு முனையில் சிறு நட்டு ஒன்றைக் கட்டிக் குழாயைச் செங்குத்தாகப் பிடித்தால் நட்டு தானே மறுமுனைக்கு இறங்கிவிடும். மேல்முனையில் பழைய வேட்டித் துணியைச் சுண்டைக்காய் அளவுக்கு முடிச்சிட்டுக் கட்டி, பாத்திரம் கழுவும் சோப்புக் கரைசலில் நனைத்து, மெல்ல இழுக்க வேண்டும். முடிச்சு இறுக்கமாகவும் இருக்கக் கூடாது, தளர்வாகவும் இருக்கக் கூடாது. இழுக்கும்போது கையில் ஒரு சீரான தடை தெரிய வேண்டும். நான்கு முறை இழுத்த பிறகு துணி வெள்ளையாகவே வெளியே வந்தால் இனி வரப்போவது எதுவுமில்லை. மிச்சம் தெரிகிற நிறம் சுவருக்குள் இருக்கிறது.

வெந்நீர் ஊற்றலாம், கொதிநீர் வேண்டாம்.

19 பிப்ரவரி 2024

தின்னர் ஊற்றலாமா என்று கேட்டவருக்கு: கூடாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் பற்றிக் கேட்டவருக்கு: அக்ரிலிக் குழாயிலோ, அக்ரிலிக் மூடியுள்ள பிளாக்கிலோ, தொட்டியிலோ அது படக் கூடாது. பட்ட உடனே ஒன்றும் தெரியாது. திருகாணி இறுக்கிய இடங்களைச் சுற்றிப் பிறகு தலைமுடி போன்ற விரிசல்கள் ஓடும். அங்கிருந்துதான் நீர் கசியத் தொடங்கும்.

25 பிப்ரவரி 2024

அம்பாசமுத்திரத்து அண்ணாச்சி ஒருவர் என்னை மடக்கியிருக்கிறார். செப்புக் குடத்தில் வைத்த நீர் கெடாது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள், நம் ஆற்றின் பெயரிலேயே தாமிரம் இருக்கிறது, பிளாக்கும் செப்பு, நீரின் சூட்டை வெளியேற்றும் ரேடியேட்டரும் செப்பு, பிறகு பாசி எப்படி வரும் என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். செப்பிலிருந்து அயனிகள் நீரில் கரையும்போதுதான் அது கிருமிகளை அடக்குகிறது. கூலன்ட்டில் அரிப்புத் தடுப்பானைச் சேர்ப்பதே செப்பு கரையாமல் இருப்பதற்காக. பல பிளாக்குகளில் செப்பின்மேல் நிக்கல் பூச்சும் இருக்கிறது. அப்படிக் கட்டிப்போட்ட செப்பு, குடத்துச் செப்பின் வேலையைச் செய்யாது. தடுப்பானே இல்லாமல் வெறும் டிஸ்டில்டு வாட்டரை ஓடவிட்டால் செப்பு கொஞ்சம் கரையும்; அப்போது வேறு கறை வரும். 2020-இல் எனக்கு வந்த நீலப்பச்சை அதுதான். பாசி என்று நினைத்து அதற்குப் பிளீச் போட்டேன், அசையவில்லை.

26 பிப்ரவரி 2024

நேற்றைய குறிப்பைப் படித்த ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் ஒருவர், பாசியா செப்பா என்று பார்க்கப் பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்வின் சோதனையே போதும் என்று எழுதியிருக்கிறார். பஞ்சில் வினிகரைத் தொட்டுக் கறையில் ஒற்றி எடுத்து, அதன்மேல் அமோனியாக் கரைசலைச் சற்றுத் தாராளமாகவே விட்டால், செப்பு இருக்கும்போது அடர்ந்த நீலம் தோன்றும். என்னிடம் 2020-ஆம் ஆண்டுக் குழாயின் ஒரு துண்டு இன்னும் கிடந்தது. செய்து பார்த்தேன். பஞ்சு, சொட்டு நீலத்தில் முக்கி எடுத்ததுபோல் ஆனது. ஐயா, நான்கு ஆண்டுகளுக்கு முன்பே நீங்கள் எழுதியிருந்தால் ஒரு பாட்டில் பிளீச் மிச்சமாகியிருக்கும்.

3 மார்ச் 2024

வெண்மங்கலைப் பற்றி. பி.வி.சி. குழாய் மாதக்கணக்கில் நீரோடு இருந்தால் நீரையே சிறிது உறிஞ்சிக்கொண்டு மங்கும். அப்படி மங்கியதைக் கழற்றி, துடைத்து, ஃபேன் காற்றில் இரண்டு மூன்று நாள் தொங்கவிட்டால் பழையபடி தெளிந்துவிடும். கழுவ வேண்டிய அவசியமே இல்லை. என் நண்பர் ஒருவர் இது தெரியாமல் ஆறு அடிக் குழாயைக் குப்பையில் போட்டார், அது குப்பைக் கூடையிலேயே தெளிந்துவிட்டது.

காய்ந்த பிறகும் மங்கலாகவே இருந்தால் பிளாஸ்டிசைசர் சுவரைவிட்டு வெளியேறுகிறது என்று கொள்ளலாம். விரலால் உள்விளிம்பைத் தொட்டால் மெழுகு போலப் பிசுக்கு வரும். அந்தக் குழாயைக் கழுவினால் ஒரு மாதம் நன்றாக இருக்கும், மீண்டும் வரும், ஏனென்றால் கறையின் ஊற்று குழாயேதான்.

10 மார்ச் 2024

நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டியது இது. குழாயைப் பற்றியே ஒரு மாதம் எழுதிவிட்டேன். குழாயின் கறை கண்ணுக்கு உறுத்துமே தவிர, வெப்பத்தைக் கூட்டாது. 10 மி.மீ. துளையில் ஒரு மெல்லிய படலம் நீரோட்டத்தை ஒன்றும் செய்துவிடாது. அதே படலம் பிளாக்கின் தகடுகளுக்கு இடையே சேர்ந்தால் ஓட்டம் நின்றுபோகும். ஆகவே குழாயில் எது தெரிந்தாலும் பிளாக்கைத் திறந்து பார்க்க வேண்டும்.

2022-இல் என் கணினியில் அறை வெப்பம் 33 டிகிரி இருந்த ஒரு நாளில், ரெண்டர் தொடங்கிய பத்தாவது நிமிடம் சி.பி.யூ. 91 டிகிரியைத் தொட்டது. குழாயைப் புதிதாக மாற்றினேன், கண்ணாடி போல் மின்னியது, மறுபடியும் 91. கடைசியில்தான் பிளாக்கின் திருகாணிகளைக் கழற்றினேன். உள்ளே தகடுகளின்மேல் ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு, நீர் வந்து விழும் இடத்தில், இளநுங்கின் சதைபோல் ஏதோ ஒன்று படர்ந்திருந்தது. பிளாஸ்டிசைசரும் பழைய சாயத்தின் துகளும் சேர்ந்து இறுகிய களிம்பு. பழைய பல் பிரஷ்ஷைச் சோப்பு வெந்நீரில் நனைத்து, தகடுகள் ஓடும் திசையிலேயே தேய்த்தேன். குறுக்கே தேய்த்தால் தகடு வளைந்துவிடும். பதினைந்து நிமிட வேலை. மாலையில் அதே ரெண்டருக்கு 76 டிகிரி.

திறப்பவர்கள், உள்ளே நீரைத் தகடுகளின்மேல் பாய்ச்சும் மெல்லிய ஜெட் தகடு எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்று கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுக்கவில்லை. இரண்டாம் முறை கழற்ற வேண்டியிருந்தது.

11 மார்ச் 2024

புளி போட்டுத் தேய்த்தால் செம்பு பளிச்சென்று ஆகுமே என்கிறார்கள் இருவர். ஆகும். என் அம்மாவும் அதையே சொன்னார்; உப்பும் புளியும் சேர்த்துத் தேய்த்தால் குடம் பொன்போல் வருவது உண்மைதான், புளியின் அமிலம் செப்பின் ஆக்சைடைக் கரைத்துவிடுகிறது. அதை நம்பி ஒரு பழைய பிளாக்கில் தேய்த்தேன். செப்பு மின்னியது. ஆனால் தகட்டுக்குள் சிக்கிய புளிநாரைக் குண்டூசியால் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்ததில் ஞாயிற்றுக்கிழமை மாலை போயிற்று. அங்கே மிஞ்சும் உப்பு அரிப்புக்கும், புளி கிருமிக்கும் தீனி. வெறும் செப்பு என்றால் ஒன்றுக்கு ஒன்பது நீர் சேர்த்த வெள்ளை வினிகர் பத்து நிமிடம். பிறகு டிஸ்டில்டு வாட்டரில் பலமுறை அலசல். நிக்கல் பூசியதற்குச் சோப்பு நீர் மட்டும். அலுமினிய ரேடியேட்டரில் வினிகரே வேண்டாம்.

24 மார்ச் 2024

வண்ணார்பேட்டைத் தம்பி பிளாக்கைத் திறந்து படம் அனுப்பியிருக்கிறார். நான் நினைத்ததைவிட மோசம். பாசி ஒரு பக்கம், சிவப்புத் துகள் ஒரு பக்கம். குழாயிலிருந்த பச்சை துணி முடிச்சோடு வந்துவிட்டதாம். ரோஜா அப்படியே இருக்கிறதாம். எதிர்பார்த்ததுதான். குழாயை மாற்றிவிடுங்கள், தம்பி. மூன்று மீட்டர் குழாய்க்காக இன்னொரு ஞாயிறை இழக்க வேண்டாம்.

ஆனால் ஹார்டுவேர் கடையில் கொத்தனார்கள் மட்டம் பார்க்க வாங்கும், கண்ணாடிபோல் தெளிந்த பிளாஸ்டிக் குழாயை வாங்காதீர்கள். அளவு பொருந்தும், விலையும் மலிவு, நானும் வாங்கினேன். மூன்றே மாதத்தில் சோறு வடித்த கஞ்சி நிறமாயிற்று. மேலே சொன்ன நுங்குக் களிம்பின் பெரும்பகுதி அந்தக் குழாயின் கொடை என்றுதான் இப்போது சந்தேகிக்கிறேன்.

25 மார்ச் 2024

நீரைப் பற்றி விட்டுப்போயிற்று. ஆர்.ஓ. நீர் போதும் என்பது தவறு. அதில் உப்பு குறைந்திருக்கும், அற்றுப்போயிராது. நீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் என் வீட்டு ஆர்.ஓ. நீர் 50-ஐ ஒட்டிக் காட்டுகிறது. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்ற வாங்கிய நீர் 2 காட்டியது. வள்ளியூர், ராதாபுரம் பக்கத்து நண்பர்கள் வாளியின் உட்சுவரில் தங்கள் போர் தண்ணீர் எழுதிவைத்த வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே போதும், வேறு விளக்கம் வேண்டாம். பேட்டரி நீரையும் மீட்டர் வைத்துப் பார்த்தே வாங்குங்கள். ஒருமுறை எனக்கு 38 காட்டிய கேனும் கிடைத்தது.

7 ஏப்ரல் 2024

பாசி வந்த பிறகு மருந்து ஊற்றினால் போதாதா என்று கேட்டவருக்கு. உடன்குடிப் பக்கம் பதநீர் இறக்குபவர்கள் பனையில் கலயம் கட்டும் முன்பே உள்ளே சுண்ணாம்பு தடவிவிடுவார்கள். தடவினால் பதநீர், தடவாவிட்டால் பொழுது ஏறுவதற்குள் கள். புளித்த பிறகு சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றிப் பதநீராக்க முடியாது. கிருமிநாசினியும் அப்படித்தான்: புதிய நீர் ஊற்றும் அன்றே, பாட்டிலில் போட்டிருக்கும் அளவுக்கு மிகாமல். அளவைக் கூட்டினால் பலன் கூடும் என்று நினைத்து இரண்டு பங்கு காப்பர் சல்ஃபேட் கரைசல் விட்டவன் நான். நிக்கல் பூச்சு புள்ளி புள்ளியாக நிறம் மாறியது. முன்கலந்த கூலன்ட் என்றால் அதற்குள்ளேயே எல்லாம் இருக்கும், மேலும் எதையும் சேர்க்க வேண்டாம்.

5 மே 2024

கத்திரி வெயில் தொடங்கிவிட்டது. அறை 37 டிகிரி, ரெண்டர் ஓடும்போது கூலன்ட் 50 டிகிரி. டி5 வகைப் பம்புக்கு நீரின் வெப்பம் 60 டிகிரி வரை என்பதே வரம்பு, கெட்டியான பி.இ.டி.ஜி. பிளாஸ்டிக் குழாயும் ஏறக்குறைய அந்த வெப்பத்தை நெருங்கினால் தளர்ந்துவிடும். பிளாஸ்டிசைசரும் சாயமும் சூட்டில்தான் வேகமாக இடம் மாறும். அதனால், குழாயை எப்போது பார்ப்பது என்று கேட்பவர்களுக்கு என் பதில், குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கும் நாட்களில் ஒருமுறை. கோடை செய்த வேலை முழுவதும் அப்போது கண்ணில் பட்டுவிடும்.

மார்ச் 3-இல் குழாயை உலர்த்துவது பற்றி எழுதியதை மொட்டை மாடி என்று ஒருவர் எடுத்துக்கொண்டார். மாடி வெயிலில் அவர் குழாய் மஞ்சளடித்துச் சுருண்டுவிட்டது. நிழலில், ஃபேனுக்கு முன்னால்.

26 மே 2024

தம்பி கறுப்பு ஈ.பி.டி.எம். ரப்பர் குழாய் மாட்டிவிட்டார். பம்புக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து, ஒவ்வொரு ஃபிட்டிங்கின் கீழும் டிஷ்யூ தாள் வைத்து, ஒரு பகலும் ஓர் இரவும் ஓடவிட்டுச் சொட்டு விழவில்லை என்று உறுதி செய்த பிறகே கணினியை இயக்கியிருக்கிறார். நல்ல பழக்கம். அந்த ரப்பரில் பிளாஸ்டிசைசர் வெளியேறும் தொல்லை இல்லை, வெளிச்சம் புகாததால் பாசிக்கும் வழி அடைபட்டது. நானும் சென்ற ஆண்டே மாறிவிட்டேன்.

ஆனால் மாறிய பிறகு ஒரு சங்கடம் தெரிந்தது. கறுப்புக் குழாயில் எந்தக் கறையும் தெரியாது, வந்தாலும் தெரியாது. ஆகவே வடிகால் வால்வை ஒட்டி, நேர்வெளிச்சம் படாத இடத்தில், ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் பழையபடி தெளிந்த பி.வி.சி. குழாயை விட்டிருக்கிறேன். சாயமே இல்லாத கூலன்ட் என்பதால் அதில் எந்த நிறம் வந்தாலும் அது செய்திதான்.

தம்பியின் பழைய ரோஜாக் குழாயை மட்டம் பார்க்கலாம் என்று கொத்தனார் ஒருவர் கேட்டு வாங்கிப்போனாராம். உள்ளே நீர் எங்கே நிற்கிறது என்றே தெரியவில்லை என்று மறுநாளே திருப்பிக் கொண்டுவந்துவிட்டாராம்.

14 ஜூலை 2024

சாரல் தொடங்கிச் சில வாரங்கள் ஆகின்றன. ஒரு சாண் குழாய் லேசாக வெளுத்திருந்தது. கழற்றி, ஃபேனுக்கு முன்னால் மூன்று நாள் தொங்கவிட்டேன், தெளிந்துவிட்டது. உள்விளிம்பில் பிசுக்கு இல்லை. பிளாக்கையும் திறந்தேன், நீர் விழும் இடத்தில் செப்பு சற்றுக் கறுத்திருந்தது, களிம்பு இல்லை. குழாயின் நுனியில் இறுகியிருந்த ஒரு செ.மீ.யை வெட்டிவிட்டு அதையே திரும்ப மாட்டினேன்.